‘நாளைக்கு வாங்க’ என்பதை எழுதித் தர வேண்டும்

(மதுரையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஒரே ஒரு சட்டம் போடும் அதிகாரம் கையில் கிடைத்தால், அன்றாட வாழ்க்கை இன்னும் கொஞ்சம் இதமாக இருக்க என்ன சட்டம் போடுவீர்கள் என்று கேட்டுத்தான் என்னை இங்கே அழைத்தார்கள். பதினைந்து நாளாக இதே யோசனை. வீட்டில் கேட்டுப் பார்த்தேன். பேத்தி வீட்டுப்பாடத்தை ஒழிக்கச் சொன்னாள். மனைவி, விசேஷ வீடுகளில் வைக்கிற குழாய் ஒலிபெருக்கியைச் சொன்னார். இரண்டும் நல்ல யோசனைகள்தான். ஆனால் முப்பத்தொரு வருடம் ஓர் அலுவலகத்தின் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். என் கண் எதிரே நின்றவர்களைத்தான் எனக்கு நினைக்கத் தோன்றுகிறது.

நான் போட நினைப்பது காத்திருப்போர் சட்டம். ஒருவரைக் காக்க வைக்கிற இடம் எதுவானாலும், அரசு அலுவலகமோ தனியார் மருத்துவமனையோ வங்கியோ ரேஷன் கடையோ, அங்கே உட்கார இடமும் நிழலும் குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும். இன்று முடியாது என்றால் காலையிலேயே சொல்ல வேண்டும். ‘நாளைக்கு வாங்க’ என்று யார் சொன்னாலும், ஏன், எந்தத் தேதிக்கு, என்ன தாள் கொண்டுவர வேண்டும் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான் என் சட்டம்.

உட்கார இடம் தருவதற்கெல்லாம் சட்டமா என்று கேட்பீர்கள். கேரளத்தில் 2018-இல் அப்படி ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்ணும் அவரோடு சேர்ந்த கடைப் பெண்களும் பல வருடம் போராடிப் பெற்றது அது. அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. கடைகளில் கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்தார்கள். அப்புறம்தான் நாற்காலி கேட்டார்கள். நம் மாநிலத்திலும் 2021-இல், 1947-ஆம் வருடக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண்ணின் காலை என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? சாயங்காலம் அந்தக் கணுக்கால் எப்படி வீங்கியிருக்கும் என்று என் தங்கையிடம் கேட்டால் சொல்வாள். ஒன்பது வருடம் நின்றவள் அவள். விற்பவர் உட்காரலாம் என்று ஒரு சட்டம் வந்துவிட்டது. வாசலில் காத்து நிற்பவருக்கும் அதை நீட்டலாம் என்கிறேன்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஆண்ட ஓர் அரசியின் பெயர் இன்றும் நம் வாயில் சாலையாகவும் சத்திரமாகவும்தான் வருகிறது. திண்ணை வைத்துக் கட்டிய வீடுகளில், வழிப்போக்கர் யாரிடமும் கேட்காமல் உட்காரலாம். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிற பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சுமைதாங்கிக் கல். சின்னப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். சாலையோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். உயரம் ஏறக்குறைய ஆள் தோள் அளவு. ஏன் அந்த உயரம்? தலைச்சுமையோடு வருகிறவர் தனியாக வந்தால், சுமையைத் தரையில் இறக்கிவிட்டு மறுபடி தூக்க முடியாது. இன்னோர் ஆள் கை கொடுக்க வேண்டும். இந்தக் கல்லில் யார் உதவியும் இல்லாமல் இறக்கலாம், யாரையும் எதிர்பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போகலாம். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாகப் பல ஊர்களில் இதை நட்டார்கள். அவள் சுமையை இறக்கி வைக்காமலே போய்விட்டாள், வருகிறவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று. இந்தக் கல்லைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். மன்னியுங்கள்.

அன்பு மனதிலிருந்து வரவேண்டியது, சட்டம் போட்டு வரவழைக்க முடியுமா என்று தலைவர் முன்னுரையில் கேட்டார். நியாயமான கேள்வி. சாலை விபத்தை எடுத்துக்கொள்வோம். அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தும் ஜனங்கள் விலகிப் போனார்கள். அத்தனை பேரும் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை. போலீஸ் விசாரிக்கும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும், ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்வார்கள் என்ற பயம். 2016-இல் உச்ச நீதிமன்றம் அதற்கான வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இரக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது. அதை மறித்துக்கொண்டு நின்ற பயத்தைத்தான் சட்டம் விலக்குகிறது.

கவுன்டருக்குப் பின்னாலும் அப்படி ஒரு பயம் உண்டு. அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். சர்வர் வேலை செய்யவில்லை என்றால், எப்போது சரியாகும் என்று எனக்கும் தெரியாது. ‘தெரியாது’ என்று சொல்லப் பயம். சொன்னால் சண்டை வரும், மேலதிகாரி திட்டுவார். அதனால் ‘உட்காருங்க, பார்க்கலாம்’ என்போம். உட்கார இடமே இருக்காது. மத்தியானம் மூன்றரை மணிக்கு ‘நாளைக்கு வாங்க’ என்போம். அந்த இரண்டு சொல்லை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ. அதைக் கேட்டவருக்கு ஒரு நாள் கூலி போயிருக்கும், இரண்டு பஸ் மாறி வந்திருப்பார். வாயால் சொல்வது சுலபம். தேதியும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தால், பேனாவை எடுக்கும்போதே பாதி நாள் நான் அந்த வேலையை முடித்துக் கொடுத்திருப்பேன்.

எழுத்துக்கு அப்படி ஒரு வலிமை உண்டு. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முப்பது நாள் என்று கெடு வைத்தார்கள். காரணமின்றித் தாமதித்தால் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் அபராதம் என்றும் எழுதினார்கள். அந்த ஒரு வரிக்காக எங்கள் அலுவலகத்தில் பீரோக்கள் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ரேஷன் கடையில் கைரேகை விழாமல் நிற்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். பாத்திரம் தேய்த்தும் செங்கல் தூக்கியும் ரேகை தேய்ந்தவர்கள் அவர்கள். ‘இன்னொரு தடவை வைங்க, இன்னொரு தடவை’ என்று பின்னால் வரிசை முனகும்போது அவர்கள் முகம் எப்படிச் சுருங்கும்! அங்கே விற்பனையாளரும் பாவம், காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பார். என் சட்டத்தில் அவருக்கும் நாற்காலி உண்டு. நின்று நின்று கால் கடுத்தவரிடம் இனிமையான வார்த்தையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

என் பணியின் கடைசி வருடத்தில் ஒரு காரியம் செய்தேன். ஒரு சின்னக் கரும்பலகை வாங்கி ஜன்னலில் மாட்டினேன். ‘இன்று அறுபது டோக்கன் வரை. சர்வர் இல்லை. இரண்டு மணிக்கு மேல் வரவும்’ என்று காலையிலேயே எழுதிவிடுவேன். மூன்றாம் நாளே ஜன்னலில் கூச்சல் குறைந்துவிட்டது. வெளியே கிடந்த பழைய பெஞ்சு ஒன்றுக்கு நானும் காவலாளியும் சேர்ந்து கால் போட்டோம்.

ஒரு வாரம் கழித்து, ஓர் அம்மா காலையிலிருந்து அந்தப் பலகைக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார். பலகையில் எழுதியிருக்கிறதே என்றேன். ‘எனக்கு எழுத்துத் தெரியாதுய்யா’ என்றார். அன்றிலிருந்து மணிக்கு ஒரு முறை எழுந்து வந்து அதை உரக்கப் படித்தேன். என் சட்டத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை படித்தபோது, இரண்டு மணிக்கா என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். ஆமாம்மா என்றேன்.

‘அப்படின்னா சரி. நான் போயி ஆட்ட மாத்திக் கட்டிட்டு, ஒரு வாய் கஞ்சியும் குடிச்சுட்டு வந்துர்றேன்’ என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.