வாடகை பாக்கி வைத்திருக்கும் வீரன்

நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும், இரண்டு அணித் தோழர்களுக்கும் வணக்கம்.

"காமிக்ஸிலிருந்து வந்த ஸ்பைடர்மேன் 2 படத்தில் விஞ்சி நிற்பது நிறையா, குறையா?" இதுதான் இன்றைய தலைப்பு. நிறையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போனார். படத்தில் வரும் அறிவியல் நிற்காது, காமிக்ஸில் இருந்ததை மாற்றிவிட்டார்கள், கதாநாயகியைக் கடத்தப்படுவதற்கே வைத்திருக்கிறார்கள் என்றார். மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் படத்தின் தொடக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2004இல் சாம் ரெய்மி எடுத்த படம். முகமூடிக்குள் ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டர் பார்க்கர் பீட்சா கொண்டுபோகிறான். 29 நிமிடத்துக்குள் கொடுத்தாக வேண்டும். போகிற வழியில் இரண்டு பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டு லாரிக்கு முன்னால் ஓடுகிறார்கள். அவர்களைத் தூக்கிக் காப்பாற்றிவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் நேரம் தாண்டிவிடுகிறது. வரவேற்பில் இருக்கும் பெண் காசு தர மாட்டேன் என்கிறாள். வேலை போகிறது. பத்திரிகை அலுவலகத்தில் ஒரு புகைப்படத்தை விற்கிறான்; அந்தப் பணம் முன்பு வாங்கிய முன்பணத்துக்கே போதவில்லை. அறைக்குத் திரும்பினால் வீட்டுக்காரர் வாடகைக்கு நிற்கிறார். நடுவர் அவர்களே, ஊரைக் காப்பாற்றுகிறவனுக்கு ஒரு மாத வாடகை இல்லை. இந்தப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

"காமிக்ஸை மாற்றிவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டை இப்போது எடுத்துக்கொள்கிறேன். காமிக்ஸில் பீட்டர் வலை வீசும் கருவியைத் தானே செய்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வான். படத்தில் வலை அவன் உடம்பிலிருந்தே வருகிறது. உண்மைதான். ஆனால் 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் இந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்தபோது அதில் புதுசாக என்ன இருந்தது? அந்தக் காலத்தில் பதின்வயதுப் பையன்கள் பெரும்பாலும் பெரிய வீரனுக்குப் பக்கத்தில் நிற்கும் எடுபிடிகள். இவர்களோ ஒரு பள்ளிக்கூடப் பையனையே வீரனாக்கி, வீட்டில் பணக் கஷ்டத்தையும் வைத்தார்கள். அந்தக் கஷ்டத்தை ரெய்மி தொலைக்கவில்லை. வலை எங்கிருந்து வந்தால் என்ன?

1967இல் வந்த ஸ்பைடர்மேன் காமிக்ஸின் 50ஆம் இதழையும் சொல்ல வேண்டும். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜான் ரொமீட்டா. இனி ஸ்பைடர்மேன் வேண்டாம் என்று முடிவெடுத்து, சந்தில் உள்ள குப்பைத்தொட்டியில் உடையைப் போட்டுவிட்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி பீட்டர் நடந்து போகும் ஒரு படம் அதில் உண்டு. ரெய்மி அதை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். இதைவிடப் பக்தியாக ஒரு காமிக்ஸ் பக்கத்தை யாரும் கையாள முடியாது என்பது என் எண்ணம்.

மாற்றிய இடத்திலும் நன்றாகத்தான் மாற்றினார்கள். இந்தப் படத்தின் வில்லன் டாக்டர் ஆக்டோபஸ். 1963இல் காமிக்ஸில் வந்தபோது அவர் விபத்தில் மூளை கெட்டுத் தீயவனாகும் விஞ்ஞானி. படத்தில் ஆல்ஃபிரட் மொலினா நடித்தவருக்கு ரோஸி என்ற மனைவி இருக்கிறாள். அவளுக்காகக் கவிதை படித்த கதையைப் பீட்டரிடம் சாப்பாட்டு மேசையில் சொல்கிறார். அதே மனைவி அவருடைய சோதனையிலேயே இறந்துபோகிறாள். அதன் பிறகு அவர் முதுகில் பொருத்திய நான்கு இரும்புக் கைகள் அவர் காதருகே வந்து நிற்கும்போது பயத்தோடு பரிதாபமும் வருகிறது. பல காட்சிகளில் அந்தக் கைகள் கணினியில் செய்தவை அல்ல. பொம்மலாட்டக் கலைஞர்கள் பக்கத்தில் நின்று இயக்கியவை. காட்சி நுட்பத்துக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குச் சும்மா வரவில்லை.

அப்புறம் அறிவியல். அந்த விஞ்ஞானியின் சோதனையில் கைக்குள் அடங்கும் சூரியனைச் செய்து, கடைசியில் ஆற்றில் மூழ்கடித்து அணைக்கிறார்கள். அது நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்து மதிப்பெண் போட்டால் இந்த வகைப் படம் ஒன்றுகூடத் தேறாது.

இனி நான் சொல்லப்போவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். பீட்டரை வளர்த்தவர் மே. நம் முறைப்படி பெரியம்மா. கணவர் பென் போய்விட்டார், வீட்டை வங்கி எடுக்கப் போகிறது. பீட்டரின் பிறந்த நாளன்று கைப்பையிலிருந்து 20 டாலர் எடுத்து நீட்டுகிறார். அவன் வேண்டாம் என்கிறான். பெரியம்மா சட்டென்று கத்திவிடுகிறார்: வாங்கிக்கொள், இங்கே விட்டுவிட்டுப் போகாதே என்று. கத்திய அடுத்த நொடியே அழுகிறார். இல்லாத வீட்டில் ஒருவர் கொடுக்கும் பணத்தை மறுத்தால் அது எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய காட்சி அது.

பிறகு ஒரு நாள் அதே வீட்டில் பீட்டர் உண்மையைச் சொல்கிறான். பெரியப்பாவைக் கொன்ற திருடனை அன்று தன்னால் பிடித்திருக்க முடியும், வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்கிறான். மேசைமேல் அவர் கையைப் பிடித்திருக்கிறான். பெரியம்மா திட்டவில்லை. கையை மெதுவாக இழுத்துக்கொண்டு எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். அவ்வளவுதான். ஓடும் ரயிலை நெஞ்சு கிழிய நிறுத்துகிறவனை, இழுத்துக்கொண்ட ஒரு கை உட்கார வைத்துவிடுகிறது. முகமூடி இல்லாமல் மயங்கிக் கிடப்பவனைப் பயணிகள் தலைக்கு மேலே தூக்கி உள்ளே கொண்டுபோகும் அந்த ரயில் காட்சியைப் பலரும் சொல்வார்கள். எனக்கு இந்த மேசைதான் அதைவிடப் பெரிய காட்சி.

கடைசியாகக் கதாநாயகி மேரி ஜேன். இதில் எதிரணி நண்பர் பக்கம் நியாயம் உண்டு. 2002இல் வந்த முதல் படத்திலும் வில்லன் அவளைத் தூக்கிப்போனான், இதிலும் அதேதான். அவள் மணமேடையில் விட்டுவிட்டு வரும் மாப்பிள்ளை ஒரு தப்பும் செய்யாதவன். அவனைப் படம் ஒரு கடிதத்தோடு கைகழுவியதையும் நான் குறையாகவே எழுதிக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, தீர்ப்பெழுதும் முன் இறுதிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கல்யாணப் புடவைக்கு ஈடான அந்த வெள்ளை உடையோடு பீட்டரின் வாசலில் வந்து நிற்கிறாள். ஆபத்து என்னவென்று தெரிந்தே வந்திருக்கிறேன் என்கிறாள். வெளியே போலீஸ் சைரன் கேட்கிறது. போய் வா என்று அவளே அனுப்புகிறாள். அவன் கட்டடங்களுக்கு நடுவே பறந்து போகிறான். வேறு படமாக இருந்தால் அங்கேயே முடித்திருப்பார்கள். இங்கே கேமரா ஜன்னலுக்குத் திரும்பி வருகிறது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல அடங்கி, கவலை வந்து உட்காருகிறது. படம் அந்த முகத்தில்தான் முடிகிறது.

நன்றி, வணக்கம்.