பெட்டிக்குள் மாத்திரை எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரி அணிகள் விடியற்காலை பஸ் பிடித்து மண்டலப் போட்டிக்குப் போகும்போது கூடவே ஒரு முதலுதவிப் பெட்டியும் போகிறது. பெரும்பாலும் அதற்குள் இழுவை போன கிரேப் பேண்டேஜ் ஒன்று, கொஞ்சம் பஞ்சு, ஒரு வலி ஸ்ப்ரே இருக்கும். அதற்கடியில் நாலைந்து மாத்திரை அட்டைகள். இன்றைய பேச்சு அந்த அட்டைகளைப் பற்றி.

வலி மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றதும் நம் நினைப்பு நேரே போதைக்குப் போய்விடுகிறது. அந்த வகை மாத்திரைகளும் உண்டு, பிறகு வருகிறேன். மைதானத்தில் அன்றாடம் நடக்கிற தப்பு அதைவிடச் சாதாரணமானது. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுப்ரூபன் என்று எந்த மெடிக்கலிலும் கேட்டால் கிடைத்துவிடும் மாத்திரைகள்தான். கேட்பவரும் கொடுப்பவரும் அதைத் தப்பு என்றே நினைப்பதில்லை.

ஒரு கபடி வீரரின் போட்டி நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முட்டி வலி. காலை 6 மணிக்கு பஸ்ஸில், வெறும் வயிற்றில் டைக்ளோபினாக் 50 மில்லிகிராம் ஒன்று. இந்த மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போன பிறகுதான் கரையும், ரத்தத்தில் முழு அளவு சேரச் சுமார் 2 மணி நேரம் ஆகும். அரை மணியில் வலி குறையவில்லை என்று அவர் இரண்டாவது மாத்திரையைப் போடுகிறார். முதல் மாத்திரை வேலையையே தொடங்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. மதியம் அடுத்த ஆட்டத்துக்கு முன் நண்பர் ஒருவர் வேறு பெயரில் ஒரு மாத்திரை கொடுக்கிறார். அதில் அசிக்ளோபினாக் 100, பாராசிட்டமால் 325. இரவு ஊர் திரும்பியதும் "ஊசி போட்டால்தான் கேட்கும்" என்று டைக்ளோபினாக் 75 மில்லிகிராம் ஊசி.

கூட்டுங்கள். டைக்ளோபினாக் மட்டும் 175. பெரியவர்களுக்கே ஒரு நாளின் உச்ச அளவு 150. அதோடு அதே குடும்பத்து அசிக்ளோபினாக் 100 தனி. ஆனால் அவரைக் கேட்டால், "இரண்டு, மூன்று மாத்திரைதான் போட்டேன்" என்பார், அதுவும் பொய் இல்லை. மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கப் பழக்கினாலே பாதித் தப்பு நின்றுவிடும்.

இந்த மாத்திரைகள் செய்யும் வேலை என்ன? வலியையும் வீக்கத்தையும் கூட்டுகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாகாமல் தடுக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயை விரித்து வைப்பதும் அதுதான். சாதாரண நாளில் சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். வியர்த்து வியர்த்து உடம்பில் நீர் வற்றிய நாளில் அந்தக் குழாய் விரிந்திருப்பதை நம்பித்தான் சிறுநீரகம் ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து மாத்திரை அதைச் சுருக்கிவிடுகிறது. எடைப் பிரிவில் இடம் பிடிக்க முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்து, எடை போட்ட கையோடு டைக்ளோபினாக் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்குகிற ஆட்டக்காரர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை இபுப்ரூபன் 400 மில்லிகிராம் கொடுத்து ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். மாத்திரை போட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அடையாளம் தெரிந்தது. ஓட்டமே ஒரு சுமை, மாத்திரை அதன் மேல் ஏறும் இன்னொரு சுமை.

சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அல்லது 8 மணி நேரமாக வரவே இல்லை என்றால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலும், வாந்தி காப்பித்தூள் கலந்தது போல வந்தாலும் அப்படியே. அது வயிற்றில் ரத்தக் கசிவு.

இன்னும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, மழைக்காலத்து டெங்கு. காய்ச்சலோடு உடம்புவலி இருக்கும்போது டைக்ளோபினாக், இபுப்ரூபன் போட்டால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இரண்டு, ஆஸ்துமா. சிலருக்கு இந்த மாத்திரைகளால் மூச்சிழுப்பு தூண்டப்படும், ஆகையால் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று, மாணவிகள். மாதவிடாய் வலிக்கு மெபனாமிக் அமிலம் போட்டிருப்பார்கள், அதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். அதன் மேல் முட்டிக்கு டைக்ளோபினாக் போட்டால் ஒரே வகை மருந்து இரட்டிப்பாகிறது. அந்த மெபனாமிக் அமிலம் பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் ஓர் எச்சரிக்கையே கொடுத்தது. அரிதாக ஒவ்வாமை வந்து காய்ச்சல், தோல் தடிப்போடு உள்ளுறுப்புகளையும் பாதிக்கும், மாத்திரை தொடங்கிச் சில வாரம் கழித்துக்கூட வரும். பேச வசதியாக ஒரு பெண் ஆசிரியரைக் கல்லூரி இதற்கென்று குறிப்பிட்டு வைத்தால்தான் இந்தக் கணக்கு வெளியே வரும்.

உள்ளுறுப்பை விட்டுக் காலுக்கு வருவோம். ஓட்டக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பில் ஒரே புள்ளியில் வலி. விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது. ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே குத்துகிறது. இது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். "எக்ஸ்ரே நல்லா இருக்கு" என்று மாத்திரை போட்டு ஓடவிட்டால் விரிசல் முறிவாகும். சில வாரம் ஓய்வில் ஆறியிருக்க வேண்டியது ஒரு சீசனையே தின்றுவிடும்.

கணுக்கால் பிசகினால் மைதானத்திலேயே பார்க்கக் கூடிய சோதனை ஒன்று உண்டு. 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதிகள். கணுக்காலின் இரு பக்கப் புடைப்பு எலும்புகளின் பின் ஓரத்தை, நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை அழுத்திப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பையும், உள்பக்கம் பாத வளைவுக்கு மேலுள்ள எலும்பையும் அழுத்துங்கள். பிறகு, நொண்டியாவது 4 எட்டு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். எலும்பில் வலி இருந்தாலோ 4 எட்டு முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. ஸ்ப்ரே அடித்த பின், மாத்திரை போட்ட பின் இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை, சோதிப்பதே வலியைத்தான். நம் பக்கம் சுளுக்கு வழிக்கவும் கட்டுப் போடவும் போகிறவர்கள் நிறைய. போவது அவரவர் விருப்பம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காத காலை மட்டும் யார் கையிலும் இழுக்கக் கொடுக்காதீர்கள்.

ஊசியைப் பற்றி ஒரே வார்த்தை. புட்டத்தில் இடம் தவறி இறங்கும் ஊசி, காலுக்குப் போகும் பெரிய நரம்பைத் தொட்டால் பாதம் தொங்கிப் போகும். வாயால் மாத்திரை விழுங்க முடிகிற ஒருவருக்குச் சுளுக்குக்காக அந்த அபாயம் தேவையே இல்லை.

இப்போது போதை வகை. டிரமடால், டேபென்டடால். இவை அபின் குடும்பத்து வழியில் மூளையில் வேலை செய்பவை. டிரமடால் 2018 ஏப்ரலிலிருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்-1 பட்டியலிலும் இருப்பதால் மருந்துக் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் டிரமடால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. வீக்கம் குறைக்கப் போடும் எல்லா ஸ்டீராய்டு ஊசிகளுக்கும் போட்டிக் காலத் தடை 2022-லேயே வந்துவிட்டது. முட்டியில் போடும் ஊசியும் அதில் அடக்கம். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு யாரோ போட்ட ஊசி பதக்கத்தோடு பெயரையும் பறித்துவிடும். "எனக்குத் தெரியாது" என்பதை அங்கே கேட்க மாட்டார்கள்.

டிரமடாலை அளவு மீறினால் வலிப்பு வரும். மன அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு இன்னும் குறைந்த அளவிலேயே வரலாம். பழகிய பின் சட்டென்று நிறுத்தினால் வியர்வை, கொட்டாவி, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமின்மை. இதைப் பார்த்துவிட்டு "காய்ச்சல்" என்று விடுதியில் படுக்க வைக்கிறார்கள். எழுப்பினால் எழாமல், கண்மணி குண்டூசித் தலை போலச் சுருங்கி, மூச்சு மெதுவாகிவிட்டால் பக்கவாட்டில் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். என்ன மாத்திரை என்று தெரிந்தால் அட்டையையும் கொடுத்தனுப்புங்கள். அட்டையை ஒளித்து வைப்பது யாரையும் காப்பாற்றாது.

சரி, கல்லூரி என்ன செய்யலாம்?

முதலில் அந்தப் பெட்டியிலிருந்து மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்க வேண்டியது 10, 15 சென்டிமீட்டர் கிரேப் பேண்டேஜ், ஒட்டும் டேப், முக்கோணத் துணி, சிம்பு (எலும்பு அசையாமல் வைத்துக் கட்டும் பட்டை), கையுறை, கத்தரி, காயத்துக்கு மருந்தும் துணியும், ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பத்து. தனியாக ஐஸ் பெட்டி. ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

மருந்து தேவைப்படும்போது மருத்துவர் எழுதட்டும், ஒரே இடத்திலிருந்து வரட்டும், 3 நாளுக்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம். புதிதாகப் பிசகிய காலுக்கு முதல் இரண்டு நாள் பாராசிட்டமாலே பெரும்பாலும் போதும். 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4-க்கு மேல் இல்லாமல். மேலே தடவும் டைக்ளோபினாக் ஜெல்லில் ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் சுமார் 6 சதவீதம்தான். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அது எவ்வளவோ மேல்.

இரண்டாவதுதான் முக்கியம். அணியைத் தேர்ந்தெடுக்கிறவரே "இவன் ஆடலாம்" என்று உடம்பையும் தீர்மானிக்கக் கூடாது. உடற்கல்வி இயக்குநர்கள் கெட்டவர்கள் என்பதல்ல பொருள். கோப்பையும் அவர் தலையில், கணுக்காலும் அவர் தலையில் என்றால் இறுதிப் போட்டி அன்று எது ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு காய நோட்டு போடுங்கள். தேதி, எந்த இடம், எந்தப் பக்கம், 4 எட்டு வைத்தாரா, கடந்த 24 மணி நேரத்தில் என்ன மாத்திரை, எத்தனை. நோட்டு வேறோர் ஆசிரியரிடம் இருக்கட்டும், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் என்றாலும் சரி. மறுபடி ஆட இறங்க ஒரே அளவுகோல் வையுங்கள். நொண்டாமல் நடை, ஒற்றைக் காலில் 10 குதிப்பு, மெதுவோட்டம், வேக ஓட்டம், திடீரென்று திரும்புதல், பிறகு இரண்டு முழுப் பயிற்சி. இத்தனையும் 24 மணி நேரம் வலி மாத்திரை எதுவும் போடாத உடம்போடு.

பிள்ளைகள் வலியை மறைப்பதற்குக் காரணம் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்திருப்பார், சான்றிதழை நம்பி வேலைக்கு விண்ணப்பிக்கக் காத்திருப்பார். உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். காயத்தால் வெளியே இருக்கும் ஆட்டக்காரருக்கு அணியில் இடமும் விடுதிச் சலுகையும் போகாது என்று முதல்வர் எழுத்தில் கொடுக்கட்டும். கபடி அணியில் 12 பேர், களத்தில் 7 பேர். மீதி 5 பேரைக் கூட்டிப் போவது எதற்கு? ஒரே நாளில் மூன்று ஆட்டம் வைக்கிற அட்டவணையையும் போட்டி நடத்துபவர்கள் மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரைக்குத் தேவை அங்கேதான் பிறக்கிறது.

வீட்டுக்கும் ஒரு சொல். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரை நெடுங்காலம் குடித்த மாவட்டங்கள் நம்முடையவை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்த பிறகும், பழைய தண்ணீரின் முட்டிவலியும் இடுப்புவலியும் பெரியவர்களிடம் மீதி இருக்கின்றன. அதனால் வலி மாத்திரை இங்கே பல வீடுகளில் உப்பு, புளி போல இருக்கிறது. பாட்டியின் மருந்துப் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு பேரன் பயிற்சிக்குப் போவது யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தப் பையை எண்ணி வையுங்கள்.

பழக்கத்தில் விழுந்துவிட்ட மாணவரைக் கண்டுபிடித்தால் டி.சி. கொடுத்து அனுப்புவது கல்லூரிக்குச் சுலபம். அவர் நேரே மாத்திரை விற்றவரிடம் போய் நிற்பார். தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கிறவருக்கு வழக்கிலிருந்து விலக்குப் பெறப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவே வழி வைத்திருக்கிறது. சட்டம் விட்டுவைத்த கதவைக் கல்லூரி ஏன் சாத்த வேண்டும்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க அவர்களுக்குத் தெரியும். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. இந்த மூன்று எண்களையும் விடுதிச் சுவரில், மெஸ் மணி நேரப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அங்கேதான் எல்லோரும் நின்று படிக்கிறார்கள்.

நன்றி. வணக்கம்.