‘முடியாது சார்’ என்று சொல்லும் வேலை

நடுவர் அவர்களே, எதிரணியில் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிய நண்பர்களே, புதுச்சேரியில் இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நவீனக் கட்டிடங்களில் ஃபெசிலிட்டி மேனேஜரின், அதாவது தண்ணீர், கரண்ட், லிஃப்ட் என்று கட்டிடத்தையே பார்த்துக்கொள்கிற ஆளின், மதிப்பு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது தலைப்பு. கூடியிருக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். நானே அந்த வேலை பார்ப்பவன், அதனால் சொந்தக் கதை கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி சொன்னார், “அந்தக் காலத்து மேனேஜர் கையில் சாவிக்கொத்து இருந்தது, இப்போது எங்கள் கையில் ஆப் இருக்கிறது, குழாய் ஒழுகினால் அதில் புகார் டிக்கெட் போடுகிறோம், பிளம்பர் வருகிறார், நடுவில் இவர் எதற்கு?” என்று. கைதட்டல் பலமாக இருந்தது, நானும் தட்டினேன். ஏனென்றால் பாதி உண்மை. யார் வந்தார், யார் போனார், மெயின்டனன்ஸ் பணம் யார் கட்டவில்லை, இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த காலத்தை விட ஆப் நன்றாகவே செய்கிறது. அந்த வேலை போனதில் எனக்கு வருத்தமே இல்லை, தொலையட்டும்.

ஆனால் சகோதரி ஒன்றை விட்டுவிட்டார். வேலை குறையவில்லை, வேறு வேலையாக மாறிவிட்டது.

2011 டிசம்பர் 30, தானே புயல். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு விடியற்காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். நான் அப்போது கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு பங்க் பங்க்காக டீசலுக்கு அலைவது, வாடகை ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து மோட்டார் போட்டு மேல் டேங்க்கை நிரப்புவது, இவ்வளவுதான் அன்றைக்கு என் உத்தியோகம். முதலாளி கேட்டதை எப்பாடு பட்டாவது முடித்துக் கொடுத்தால் நல்ல ஆள். ‘சரிங்க முதலாளி’ என்ற இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம்.

இப்போது 2024 நவம்பர் 30க்கு வாருங்கள், ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நமக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில். ரெயின்போ நகர் என்ன ஆனது என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் இருந்த அடுக்குமாடியில் சம்ப்புக்கு சென்சார், லிஃப்ட்டுக்கு சென்சார், ஜெனரேட்டருக்கு சென்சார், எல்லாம் போனில் தெரியும். ராத்திரி பதினொன்றரைக்கு ஆப்பைத் திறந்து பார்க்கிறேன், பேஸ்மென்ட்டில் எல்லாம் நார்மல், பச்சைப் பச்சையாக இருக்கிறது. அப்புறம்தான் கீழே பொடி எழுத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். கடைசியாகத் தகவல் வந்தது எட்டே முக்காலுக்கு. ரவுட்டர் எப்போதோ செத்துவிட்டது, ஆப் மட்டும் பழைய பச்சையையே காட்டிக்கொண்டிருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினால், கடைசிப் படி காணோம்.

என்ன செய்ய வேண்டும்? இரண்டு லிஃப்ட்டையும் மூன்றாவது மாடிக்கு ஏற்றி நிறுத்தி ஆஃப் செய்ய வேண்டும், ஏனென்றால் தண்ணீர் முதலில் நிறைவது லிஃப்ட் குழியில்தான். பேஸ்மென்ட்டுக்குப் போகும் மெயினை மேலேயே அணைக்க வேண்டும். செய்தேன். உடனே ஆரம்பித்தது பாருங்கள் போன் மேல் போன். நாலாவது மாடியிலிருந்து ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், “தம்பி, ரெண்டே நிமிஷம் லைட்டைப் போடு, காரை மட்டும் வெளியே எடுத்துடறேன்” என்கிறார். கார் புதுசு, அவர் மகன் வாங்கிக்கொடுத்தது. பேஸ்மென்ட்டில் முட்டியளவு தண்ணீர், அதில் கரண்ட்டை விடச் சொல்கிறார். “முடியாதுங்க ஐயா” என்றேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த ஆளை மாற்றுங்கள் என்றும் ஒரு குரல் வந்தது, அது தனிக்கதை.

நடுவர் அவர்களே, இதுதான் நான் சொல்ல வந்தது. 2011இல் என் தகுதி ‘சரிங்க முதலாளி’. இன்றைக்கு என் தகுதி ‘முடியாது சார்’. அந்த வார்த்தையை ஆப் சொல்லாது. காசு கொடுத்து வாங்கிய எதுவும் நம்மிடம் முடியாது என்று சொல்லாது.

இன்னும் சொல்கிறேன். செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் ஆளை இறக்கு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், படித்தவர்களே சொல்கிறார்கள், “கழிவு உறிஞ்சுற லாரி வர நாளாகும், ஐந்நூறு கூடக் கொடுத்தா இறங்குவாங்க” என்று. 2013இலேயே அதைத் தடை செய்து சட்டம் வந்தாயிற்று. அப்படி இறங்கி ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவ்வளவு இருந்தும் அந்த இடத்தில், அந்த மூடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யாரும் இறங்கக்கூடாது, லாரி வரும்வரை நாறட்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறதா இல்லையா?

செப்டிக் டேங்க் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. 2024 ஜூனில் நம்ம ரெட்டியார்பாளையத்தில் பாதாளச் சாக்கடை வாயு வீட்டுக் கழிப்பறை வழியாக ஏறி மூன்று பேர் உயிர் போனது, அவர்களில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளையும் இருந்தாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கழிப்பறைக் குழாயிலும் தரையில் இருக்கிற ஜாலிக்கு அடியிலும் ஒரு வளைவு இருக்கும், அந்த வளைவில் நிற்கிற நாலு விரல்கடைத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற கதவு. வேறு கதவு கிடையாது. யாரும் புழங்காத அறை என்றால் அந்தத் தண்ணீர் வெயிலில் காய்ந்துபோகும். எங்கள் கட்டிடத்தில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் ஒன்பது, ஆட்கள் துபாயிலும் பாரீசிலும் இருக்கிறார்கள், சாவி என்னிடம் இருக்கிறது. வாரம் ஒரு தடவை உள்ளே போய் ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். பத்து நிமிஷ வேலை. இதற்கு டிக்கெட் யார் போடுவது, சகோதரி? சாவிக்கொத்தைக் கேலி செய்தீர்களே, அது இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது.

அடுத்து, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர். கூரையில் சிவப்பாக ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் தொங்கும், 68 டிகிரி சூடு பட்டால் உடைந்து தண்ணீர் கொட்டும். அதில் பர்த்டே தோரணம் கட்டுகிறார்கள், வெள்ளையடிக்கும்போது அதற்கும் சேர்த்து ஒரு கோட் அடிக்கிறார்கள், “ஒண்ணு உடைஞ்சா எல்லாம் உடையும், என் சோபா போயிடும், கழட்டிடுங்க” என்கிறார்கள். எல்லாம் உடையாது, சூடு பட்டது மட்டும்தான் உடையும். கழற்ற முடியாது சார்.

ஏசி கதை இன்னும் சுவாரசியம். நான் கொஞ்ச நாள் பார்த்த ஒரு ஆபீசில் மேலதிகாரி கோட் போட்டுக்கொண்டு உட்கார்வார், அதற்காக மொத்தத் தளத்தையும் 18இல் வைக்கச் சொல்வார், கீழே பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு டைப் அடிப்பார்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. நான் பில்லைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்து 24 என்றேன். கோட்டைக் கழற்றினார்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி வைத்தார். எல்லாவற்றையும் வெளியூரில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாமே, உள்ளூர் ஆள் எதற்கு என்று. ஐயா, 2013இல் அமெரிக்காவில் டார்கெட் என்கிற பெரிய கடையில் சுமார் 4 கோடிப் பேருடைய கார்டு விவரம் திருடுபோனது. திருடன் கதவை உடைக்கவில்லை. அந்தக் கடைக்கு ஏசி, குளிர்பெட்டி வேலை பார்த்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த லாகினைத் திருடி, அது வழியாக உள்ளே வந்தான். இன்றைக்கு என் கட்டிடத்தில் லிஃப்ட்காரர், சிசிடிவிக்காரர், ஜெனரேட்டர்காரர், தண்ணீர் சுத்திகரிப்புக்காரர், ஆளாளுக்கு ஒரு பாஸ்வேர்ட் கேட்கிறார்கள். அப்பா காலத்தில் வாட்ச்மேன் கேட்டில் நின்று பார்த்தது ஒரு வாசலை. இன்றைக்கு வாசல் எத்தனை என்பதே ரெசிடென்ட்களுக்குத் தெரியாது, அந்தக் கணக்கும் என் தலையில். வேலையை விட்டுப் போன டெக்னீஷியனின் லாகினை அன்றைக்கே மூடுவது மேல் டேங்க் கழுவுகிற மாதிரி வழக்கமான வேலையாகிவிட்டது.

ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். பெயர் கூடியிருக்கிறது, பொறுப்பு கூடியிருக்கிறது, சம்பளம் அந்த அளவுக்குக் கூடவில்லை. அதை வைத்து மதிப்புக் குறைந்துவிட்டது என்று நீங்கள் வாதாடியிருந்தால் எனக்குப் பதில் சொல்லச் சிரமமாக இருந்திருக்கும், நல்லவேளை தோன்றவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்துவிட்டேன். நடுவர் ஐயா, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். சகோதரி, உங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு என்று ஒரு பாத்ரூம் பூட்டியே கிடக்குமே, இன்றைக்குப் போனதும் அந்த ஜாலியில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். வணக்கம்.