ஓவியம் ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் என்ற பதவி உண்டு. தம் பொறுப்பில் உள்ள பொருள்களைக் காப்பதும் ஆராய்வதும் அவர் வேலை. இன்றைய ஓவியக் காட்சிகளின் அழைப்பிதழில் ‘க்யூரேட்டர்’ என்று ஒரு பெயர் அச்சாகிறதே, அவருடைய வேலை வேறு. யாருடைய படைப்புகள், எந்த வரிசையில், எந்தச் சுவரில் என்று முடிவு செய்பவர் அவர். கவின்கலைக் கல்லூரியை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வர விரும்பும் பலர், படைப்புகளைத் தேர்ந்தெடுப்பதுதான் முழு வேலையும் என்று நினைக்கிறார்கள். தேர்வு சில வாரங்களில் முடிந்துவிடும். மீதி மாதங்கள் கடிதம், கணக்கு, பெட்டி, ஆணி என்றே போகும். ஆனால் கலைஞரின் உழைப்பு பத்திரமாக இருப்பதும் பாழாவதும் அந்த மாதங்களில்தான்.

முதலில் ஒப்படைப்புச் சீட்டு. படைப்பு ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன்பே இது கையெழுத்தாக வேண்டும். தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), சென்டிமீட்டரில் உயரமும் அகலமும், விற்பனை விலை, காப்பீட்டு மதிப்பு, கலைக்கூடத்தின் பங்கு, விற்றால் எத்தனை நாளில் பணம், விற்காவிட்டால் எந்தத் தேதிக்குள் திரும்பும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். கலைக்கூடத்தின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை போவது வழக்கம். தகராறு பெரும்பாலும் அந்தப் பங்கில் வருவதில்லை, தள்ளுபடியில்தான் வருகிறது. வாங்குபவருக்குப் பத்து சதவீதம் குறைத்தால் அது யார் கணக்கில் கழியும்? படத்துக்குச் சட்டகம் (ஃபிரேம்) போட்ட செலவை முதலில் எடுத்துக்கொண்டு பங்கு பிரிப்பதா, பிறகு எடுப்பதா? இவ்விரண்டையும் எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது.

இந்தச் சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, ஓவியமோ சிற்பமோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அந்த விலையில் ஒரு பங்கு கேட்கும் உரிமை கலைஞருக்கு உண்டு. அந்தப் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையைத் தருகிறது. அரசின் மாநாட்டு அரங்கமான டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்தார்கள். அதற்கு 2005இல்தான் தீர்ப்பு வந்தது. எஞ்சிய துண்டுகளைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. உரிமை சட்டத்தில் இருந்தாலும், எந்தப் படைப்பு எப்போது யார் கைக்குப் போனது என்று காட்டத் தாள் வேண்டும்.

அடுத்தது நிலை அறிக்கை, அதாவது படைப்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவு. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் என்று படம் எடுங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து சாய்வாக விளக்கைப் பிடித்து இன்னொரு படம். நேர் வெளிச்சத்தில் தெரியாத புடைப்பும் விரிசலும் அப்போது தெரியும். ‘லேசான சேதம்’ என்று எழுதினால் யாருக்கும் உதவாது. ‘இடது கீழ் மூலையிலிருந்து 4 செ.மீ. மேலே, 1 செ.மீ. நீள விரிசல்’ என்று எழுதுங்கள். கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திட வேண்டும்.

கட்டுவதில் நடக்கும் பிழைகள் ஏராளம். அக்ரிலிக் ஓவியத்தின் மேல் குமிழ் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றி, சித்திரை வெயிலில் வண்டியில் ஏற்றினால் வண்ணம் இளகி, வட்ட வட்டமாக அச்சு விழும். அது போகாது. நான்கு மூலைகளிலும் தடித்த அட்டைக் கவசம் பொருத்தி, மேலே சுற்றும் எதுவும் வண்ணத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேன்வாஸைச் சுருட்டியே ஆக வேண்டுமென்றால் வண்ணப்பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் வண்ணப்படலம் நசுங்கி மடிப்பு விழுந்து உதிரும். சுருட்டும் குழாயின் விட்டம் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. காகிதப் படைப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் (இடைவெளி தரும் அட்டை) இல்லையென்றால், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சென்னை, கொச்சி போன்ற கடலோர ஊர்களில் பகலில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு இரவில் அணைப்பது இன்னும் மோசம். கேன்வாஸ் இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து, வண்ணம் வெடிக்கும். மிதமான ஈரம் ஒரே அளவில் நின்றால் அதைவிட நல்லது.

மாட்டுவதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ.யில் இருக்கட்டும். படத்தின் உயரம் 90 செ.மீ., படத்தின் பின்னே மாட்டுவதற்கான கம்பி, இழுத்துப் பிடித்த நிலையில், மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே நிற்கிறது என்றால், 150உடன் உயரத்தில் பாதியான 45ஐக் கூட்டி 10ஐக் கழியுங்கள். 185 செ.மீ.யில் ஆணி. கம்பியை இழுக்காமல் அளந்தால் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு உயரத்தில் தொங்கும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும். எண்ணெய் வண்ணம் 200 லக்ஸ் வரை தாங்கும்.

சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்தால் நான்கு நாளாவது காயவிட வேண்டும். அதனால் நாட்காட்டியைத் திறப்பு நாளிலிருந்து பின்னோக்கி எழுதுவதே முறை. கொச்சி முசிரிஸ் பினாலே என்ற பெரிய கலைவிழா 2022 டிசம்பர் 12 அன்று திறப்பதாக இருந்து 23க்குத் தள்ளிப்போனது. படைப்புகள் தாமதமாக வந்ததையும் அரங்கில் மழைநீர் கசிந்ததையும் கலைஞர்கள் திறந்த மடலில் எழுதினார்கள். இத்தனை பெரிய விழாவுக்கே இது நேருமென்றால், சிறிய காட்சிக்குப் பத்து நாள் கூடுதலாக ஒதுக்குவது வீண் அல்ல.

விமர்சகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். காட்சிக் கையேட்டுக்குக் கட்டுரை எழுதி ஊதியம் பெற்றவர், அதே காட்சிக்குப் பத்திரிகையில் மதிப்புரை எழுதக் கூடாது. கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்து எழுதவும் கூடாது. இரண்டு அடி ஓவியமும் எட்டு அடி ஓவியமும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். சுவரில் ஒட்டும் விளக்கம் 120 சொற்களைத் தாண்டினால் நின்று படிப்பவர் குறைவு. தமிழ்நாட்டில் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கடைசி நாளில் மொழிபெயர்ப்பதே வழக்கமாக இருக்கிறது. இது மாற வேண்டும். தமிழிலேயே முதலில் எழுதினால், சொல்ல வந்தது தெளிவாக இருக்கிறதா என்பது எழுதும்போதே தெரிந்துவிடும்.

காட்சி முடிந்த மறுநாள்தான் மிகவும் ஆபத்தான நாள். எல்லோரும் களைத்திருப்பார்கள், வண்டி வாசலில் காத்திருக்கும். அன்றும் பழைய நிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதே சாய்வு வெளிச்சத்தில், அதே மூலைகளைப் பார்த்த பிறகே பெட்டியை மூடுங்கள்.