பல் இல்லாத கிருமி நெல்லை எப்படிச் சாய்க்கிறது?

தட்டோன் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "நட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பயிர் சுருண்டு காய்கிறது. தப்பித்த பயிரிலும் இலை ஓரம் அலை அலையாக மஞ்சளாகி வெளுக்கிறது. பாக்டீரியா என்கிறார்கள். புழு என்றால் கடித்த தடம் இருக்கும். பல்லும் இல்லை, கண்ணுக்கும் தெரியவில்லை, அது எப்படி இவ்வளவு பயிரைக் கொல்லும்?"

நல்ல கேள்வி அக்கா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பாக்டீரியா இலைக்கருகல் மாதிரிதான் தெரிகிறது. கிருமியின் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. பல் இல்லைதான். ஆனால் அது கடிக்கவே தேவையில்லை. பயிரையே தனக்குப் பரிமாற வைத்துவிடுகிறது.

முதலில் அது உள்ளே வரும் வழி. விடியற்காலையில் நெல் இலையின் ஓரத்திலும் நுனியிலும் முத்து முத்தாக நீர் நிற்கும். பனி என்கிறோம். எல்லாம் பனியல்ல. இரவில் வேர் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். வெயில் இல்லாததால் அது ஆவியாகாது. மிச்சம் இலை ஓரத்திலுள்ள பொடித் துளைகள் வழியாகக் கசிந்து நிற்கிறது. வெயில் ஏறியதும் அந்தத் துளியில் கொஞ்சம் அதே துளை வழியாக உள்ளே திரும்புகிறது. மழைத் தெறிப்பில் இலைமேல் வந்து சேர்ந்த கிருமி அதோடு நீந்திப் போய்விடும். 1884ல் ஜப்பானில் ஃபுகுவோகா உழவர்கள்தான் இந்த நோயை முதலில் கவனித்தார்கள். பிற்பாடு நோய் கண்ட இலையின் கலங்கிய துளியைச் சோதித்தபோது அதற்குள் கிருமி கூட்டம் கூட்டமாக இருந்தது.

இன்னொரு வழி, காயம். காற்றில் இலையும் இலையும் உரசினால் காயம். நாற்றைப் பிடுங்கும்போது வேரில் காயம். நடும் முன் நுனியைக் கிள்ளினால் அதுவும் காயம். குருத்துப்பூச்சியின் முட்டை போகட்டும் என்று நுனி கிள்ளுவது பழைய வழக்கம், தப்பில்லை. ஆனால் இந்த நோய் வந்த வயலில் அது கிருமிக்குக் கதவைத் திறந்து வைப்பதுபோல் ஆகிவிடும். நட்ட சில வாரத்தில் முழுப் பயிரே வாடுவதற்கு இந்தோனேசியாவில் கிரெசெக் என்று பெயர். உலகம் முழுக்க அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே போனதும் அது தங்குவது தண்ணீர் ஏறும் குழாயில். அங்கே பெருகிப் பெருகி ஒரு பசையைச் சுரக்கிறது. ஐஸ்கிரீமிலும் சாஸிலும் சாந்தன் கம் என்று ஒரு பசை சேர்க்கிறார்களே, அதைத் தருவது இதன் பங்காளிக் கிருமிதான். அந்த மாதிரிப் பசை குழாயை அடைத்தால் என்ன ஆகும்? வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், இலை தாகத்தில் காயும்.

சரி, சாப்பாடு? இங்கேதான் அதன் சாமர்த்தியம். ஊசி போன்ற ஒரு குழலால் பயிரின் செல்லுக்குள் தன் புரதத்தைச் செலுத்துகிறது. அந்தப் புரதம் நேரே மரபணு இருக்கும் இடத்துக்குப் போய், சர்க்கரையை வெளியே விடும் கதவுக்கான மரபணுவைத் தட்டி எழுப்புகிறது. அந்த மரபணுக்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயரே 'ஸ்வீட்'! பயிர் தன் கையாலேயே சர்க்கரையை வெளியே கொட்டுகிறது, கிருமி தின்கிறது.

இதைத் தடுக்கும் ரகங்களும் உண்டு. சிலவற்றில் அந்த மரபணுவின் பூட்டு கொஞ்சம் மாறியிருக்கும். கிருமியின் சாவி சேராது. வேறு சிலவற்றில் எக்ஸ்ஏ21 என்ற மரபணு காவல்காரன் மாதிரி நின்று கிருமியை வாசலிலேயே அடையாளம் காணும். அது ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. 1995ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். விதை வாங்கும்போது இலைக்கருகலைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

யூரியா பற்றியும் சொல்ல வேண்டும். கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் பயிரில்தான் இது வேகமாகப் பரவும். அதனால் நோய் தெரிந்த உடனே யூரியாவை நிறுத்துங்கள். அந்த வயலின் தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு விடாதீர்கள். வரப்புப் புல்லிலும் கிருமி ஒளிந்திருக்கும், அறுத்துவிடுங்கள்.

மருந்து? நானே ஒரு வருடம் ஏமாந்தேன். கடையில் கொடுத்ததை வாங்கி மூன்று முறை தெளித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது பூஞ்சைக்கான மருந்து. பாக்டீரியாவுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, என் காசுதான் போனது.

அதனால் முதலில் உறுதி செய்யுங்கள். மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி கிளாஸில் தெளிந்த தண்ணீர் விட்டு, வெட்டிய முனையை அதில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால்போல் இழை இறங்கினால் பாக்டீரியாதான். வாடிய பயிரின் அடித்தண்டைப் பிதுக்கினாலும் மஞ்சளாகப் பிசின் வரும். அப்படி எதுவும் வராமல், நடுக்குருத்து இழுத்தவுடன் கையோடு வந்தால் அது குருத்துப்பூச்சி, அதற்கு வேறு வைத்தியம். காலையில் பார்த்துவிட்டு எழுதுங்கள் அக்கா, கிளாஸைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.