மடி நிறைந்த அன்று

நேயர்களுக்கு வணக்கம். தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் மனப்பாடம் செய்யவைப்பார். அகங்காரம், லோபித்தனம் என்று தொடங்கி சோம்பலில் முடியும். தங்கச்சிமடத்துப் பையன்களான எங்களுக்கு அதில் போசனப்பிரியம் மட்டும்தான் புரியும்.

6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார், அகங்காரத்தை அந்த ஏழில் ஒன்றாகவே எண்ணவில்லை. எல்லாவற்றுக்கும் வேர் என்று அதைத் தனியே நிறுத்திவிட்டார். கோபத்தையும் மோகத்தையும் விட இது என்ன பெரிய பாவம் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

விளங்கியது கரைவலையில், அதாவது கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று இழுக்கிற வலையில். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தென்கடல் பக்கம் விடியக்காலையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு பெரியவர், கயிறு இழுக்கவும் தெம்பில்லாதவர், கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி கருத்துக் கிடக்கு, அங்கன வளைங்கடா" என்றார். மீன்கூட்டம் இருந்தால் தண்ணி அப்படிக் கருத்துத் தெரியும். வளைத்தோம். இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று இழுக்க, வெயில் ஏறிய பிறகுதான் மடி, மீன் சேருகிற வலைப்பை, கரைக்கு வந்தது. அத்தனையும் சாளை மீன். மணலில் கொட்டியபோது வெள்ளித்தகடு மாதிரி துள்ளியது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் யாரோ, "பாடு எப்படி?" என்று கேட்டார்கள். "நான்தான் தண்ணி கருத்ததைப் பார்த்து வளைக்கச் சொன்னேன்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. அடுத்த நாள் இன்னொருவரிடம் சொல்லும்போது நானே அதை நம்பியும் விட்டேன்.

லூக்கா நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் பேதுருவைப் பாருங்கள். இராத்திரி முழுக்கப் பாடுபட்டு ஒன்றுமில்லை. அப்போது அவர் அழவில்லை, சலித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். இயேசு சொல்லி மறுபடி வலை போட்டு, இரண்டு படகும் அமிழ்ந்துபோகிற அளவுக்கு மீன் விழுந்த பிறகுதான் இயேசுவின் காலில் விழுந்து, நான் பாவி என்கிறார். வெறும் வலையோடு வருகிறவன் தலைகுனிவது எந்தக் கரையிலும் நடக்கும். வலை நிறைந்த அன்று குனிந்தவர் அவர். நான் அன்றைக்கு டீக்கடையில் இருந்தேன்.

நம்ம ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டப்பட்ட போர்ச்சுகல் சாமியார் அருளானந்தரும் லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். நடுவில் ஊருக்குப் போனபோது ராஜா, இங்கேயே இரும் என்றார். அவர் காவியும் மரக்கறிச் சோறுமாகத் திரும்ப மறவர் சீமைக்கே வந்தார். ஓரியூரின் அந்தச் செம்மண்ணுக்கு யாத்திரையாக நடந்து போகிற நம்மிலேயே, நான் எத்தனை வருசமாக நடக்கிறேன் தெரியுமா என்று கணக்குச் சொல்கிறவர்கள் உண்டு. என்னையும் சேர்த்துத்தான்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். தவக்காலத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று அடுக்கினேன். சாளை விஷயம் கடைசியில் சும்மா வந்து விழுந்தது, வேடிக்கைபோல. சாமியார், "அந்தப் பெரியவருக்குப் பங்கு போச்சா?" என்று கேட்டார். போச்சு சாமி என்றேன். "அவருக்குப் பேரு போச்சா?" என்றார்.

அப்புறம் கரையில் நாலு பேர் இருக்கும்போதே பெரியவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "அட போடா, மேக நெழலா இருக்குமோன்னு பயந்துக்கிட்டேதான் நானும் சொன்னேன்."