கோட்டைத் தாண்டி வளைக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கிட்டார் என்றால் முன்பலகையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். நாதம் பிறக்கும் இடம் அதுதானே. நான் இன்று பேச வந்தது, உடம்பைச் சுற்றி ஓடும் ஒல்லியான பக்கப் பலகைகளைப் பற்றி. இடம் ஒன்று, வலம் ஒன்று. கனம் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். கழுத்தடியில் தொடங்கித் தோளில் புடைத்து, இடுப்பில் ஒடுங்கி, மறுபடி அகன்று அடியில் போய்ச் சேரும்.

இதற்கு அதிகம் பயன்படுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனியே 1969இல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு ஈட்டிக்கு மாறியது. ஈட்டியில் பிசின் உண்டு. சூட்டுக்குச் சீக்கிரம் இளகும். மேப்பிள் அப்படியல்ல. அலையலையாக ரேகை ஓடும் மேப்பிள், வளைக்கும்போது படக்கென்று ஒடியும்.

நான் வளைத்த முதல் ஜோடி ஈட்டிதான். தண்ணீரில் நனைத்து, சுடச்சுட இருந்த இரும்புக் குழாயில் அழுத்தி, காகிதத்தில் வரைந்த கோட்டின் மேல் அச்சாக உட்காரும்படி வளைத்தேன். ராத்திரி பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. காலையில் பார்த்தால் இடுப்பு ஒரு விரல் அகலம் விரிந்து கிடக்கிறது! நாய் வாலை நிமிர்த்த முடியாது என்போம். எனக்கு வாய்த்தது வளையவே மாட்டேன் என்கிற வால். ஆத்திரத்தில் கிளாம்ப் போட்டு நெருக்கி, கிட்டாரைக் கட்டும் அச்சுக்குள் திணித்து, ஒட்டியும் முடித்தேன். அச்சைக் கழற்றிய சில நாளில் இடுப்புப் பக்கம் பின்பலகையின் ஒட்டு விட்டுவிட்டது.

வளைத்த மரம் இப்படிக் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வதை ஸ்பிரிங்பேக் என்கிறோம். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகும், ஆறினால் இறுகும். நார்கள் அப்படி இளகுவதில்லை. வில்லைப் போல விறைப்பைத் தேக்கி வைத்துக்கொண்டு, பிடி தளர்ந்ததும் பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் அவற்றுக்கு இன்னும் வசதி.

அதனால் கோட்டோடு நிறுத்தக் கூடாது, தாண்டி வளைக்க வேண்டும். எவ்வளவு தாண்டுவது? மரத்துக்கு மரம், ஏன், ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளுக்குள்ளேயே வேறுபடும். பலகையை வளைத்துக் கட்டிவைக்கும் என் வளைப்பு அச்சில் இடுப்பை வரைபடத்தைவிட 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிச் செதுக்கியிருக்கிறேன். அளவு தப்பினால் அதிகமாக வளைந்த பக்கமே தப்பட்டும். அதைக் குழாயில் லேசாகக் காட்டி விரித்துவிடலாம். குறைவாக வளைந்ததை இறுக்குவதற்கு மறுபடி நனைத்து, மறுபடி சூடாக்கி, எங்கே வெடிக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெளிப்புற நார்கள் இழுபட்டுக் கிழியாதிருக்க, மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை வெளிப்பக்கம் வைத்துச் சேர்த்து வளைப்பது நல்லது.

இடுப்பு கண்ணுக்குத் தெரிவதால் அதைக் கவனித்துவிடுகிறோம். ஏமாற்றுவது கீழே இருக்கிற அகன்ற வளைவுதான். மெதுவான வளைவில் நார்கள் இடம் மாறுவது குறைவு, விறைப்பாகத் தங்குவதே அதிகம். அதனால் நிமிர்வதற்கு அதற்குத்தான் ஆசை அதிகம். பலகையின் நுனிகளும் தட்டையாகவே நின்றுவிடும், பிடித்து அழுத்த இடமில்லாததால். நான் இரண்டு முனையிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வளைத்து, பிறகு நறுக்குகிறேன்.

வளைத்த கையோடு எடுத்துவிடவும் கூடாது. இரவு முழுக்க அச்சிலேயே கட்டிக் கிடக்கட்டும். மறுநாள் தண்ணீர் படாமல் ஒரு பத்து நிமிடம் மறுபடி சூடேற்றி, அச்சிலேயே ஆறவிடுவேன். இந்த இரண்டாவது சூட்டைப் பலர் வீண் வேலை என்பார்கள். என் அனுபவத்தில் பாதிச் சண்டை அதில்தான் தீர்கிறது. அதன் பிறகும் சும்மா சுவரில் சாய்த்து வைத்தால், மழைக்கால ஈரக்காற்று பட்டு மெல்ல நிமிரும். கிட்டாரைக் கட்டும் அச்சுக்குள் உடனே வைத்து, உட்புற ஓரங்களில் லைனிங் எனும் மெல்லிய மரப் பட்டைகளை ஒட்டிவிட்டால் அடங்கும். ஆனால் லைனிங்கை நம்பி, வளையாத பலகையை நெருக்கி ஒட்டாதீர்கள். என் முதல் கிட்டாரில் நான் செய்தது அதுதான்.

அச்சுக்குள் வைக்கும்போது இரண்டு விரலால் தொட்டாலே பலகை போய் உட்கார வேண்டும். கிளாம்பைத் தேடிக் கை போனால், குழாயை மறுபடி சூடாக்குங்கள்.

நன்றி, வணக்கம்.